தண்ணீரையும் உப்புக் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

உச்சிப்புளிப் பக்கம் விலைக்கு வந்துள்ள நான்கு படுக்கையறை வீட்டைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அறைகளின் அளவையும் கார் நிறுத்தும் வசதியையும் விரிவாகச் சொல்லிவிட்டுத் தண்ணீரை ஒரே வரியில் கடந்துவிட்டது. எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் வீட்டின் மதிப்பைத் தீர்மானிப்பது முதலில் தண்ணீர்தான். ஆழ்துளைக் கிணற்று நீரை வாயில் ஊற்றிப் பார்ப்பதோடு, காவிரி கூட்டுக் குடிநீர் இணைப்பு உண்டா, கோடையிலும் ஒழுங்காக வருகிறதா என்று அக்கம்பக்கத்தாரிடம் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது கம்பியைத் துருவேற்றும் உப்புக் காற்று. புதுப் பெயிண்டை நம்பாமல் சன்ஷேடுகளின் அடிப்புறத்தை அண்ணாந்து பார்த்தால், உள்ளே கம்பி துருவேறிப் பருத்திருக்கும் இடங்களில் அதன் போக்கிலேயே ஓடும் விரிசலும் பழுப்புக் கறையும் தெரியும். உப்பு மணலோ உப்பு நீரோ கலந்து கட்டிய வீடாக இருந்தால், மேற்பூச்சு எத்தனை முறை பூசினாலும் அந்தத் துருவும் விரிசலும் நிற்காது. (விற்பதற்கு முன் அவசரமாகப் பூசப்பட்ட சுவரைக் கண்டால் எனக்குச் சந்தேகமே முதலில் வரும்.)

பட்டாவும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றும் எல்லோரும் கேட்பவை. மனை உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏறி வரும் உச்ச எல்லை) 500 மீட்டருக்குள் இருந்தால், வீடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி கட்டப்பட்டதா என்று கேட்பவர் குறைவு. பின்னால் மாடி எழுப்பும் எண்ணமுள்ளவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.