வீட்டுக்கு வாடகை குடுக்குறாங்க, பாட்டுக்கு?

2025 ஜூன்ல நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அம்மா தவறிப்போனப்ப எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப் பூரா அவங்க நடிச்ச ஆண்பாவம் படத்துக் கிளிப்புதான். சிரிப்பு சீன் ஒன்னு, கும்புடுற எமோஜி ரெண்டு, அதோட எல்லாரும் அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க. நம்ம பாட்டுக்காரப் பொம்பளைங்களுக்குப் பாட்டுக்குன்னு காசும் பேரும் வரலையேன்னு எனக்குத்தான் மனசு ஆறல, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போனாலும் படிங்க.

காரைக்குடியிலருந்து காளையார்கோயில் தாண்டி சிவகங்கை ரோட்டப் புடிச்சா வர்ற ஊரு கொல்லங்குடி, வெட்டுடையார் காளிக்கு காசு வெட்டிப் போடப் போறவங்களுக்கு நல்லாத் தெரியும். அங்க பாடிக்கிட்டு இருந்த பொம்பள, ரேடியோவுல நாட்டுப்புறப் பாட்டு பாடி, 1985ல பாண்டியராஜன் படத்துல பாட்டியா வந்து நின்னப்ப அவங்களுக்கு வயசு கிட்டத்தட்ட 60. நம்மூருல பேரன் பேத்திய மடியில போட்டுக்கிட்டு ஓயுற வயசு. அந்த வயசுல கேமரா முன்னாடி நின்னு, சொந்தக் குரல்லயே பாடி, நம்ம பேச்சுல ஒரு எழுத்துகூட மாத்தாமப் பேசி ஜெயிச்சாங்க. எங்க அப்பத்தா அந்தப் படம் டிவியில வந்தா அடுப்புல கெடக்குற ஒலையக்கூட மறந்துட்டு வந்து உக்காந்துரும், "நம்ம ஊருக்காரிடா"ன்னு வேற யாருமே பாக்காத மாதிரி என்கிட்ட சொல்லும். 1993ல கலைமாமணி குடுத்தாங்க. ஆண்பாவத்துக்கப்பறம் இன்னும் சில படத்துல நடிச்சாங்க. கடைசி காலத்துல வருமானம் இல்லாம கஷ்டப்பட்டு, நடிகர் சங்கம் உதவி பண்ற நெலமை.

பரவை முனியம்மாவும் அப்படித்தான். எத்தனையோ வருசம் மேடையில பாடுனவங்கள 2003ல தூள் படம் வந்தப்பறந்தான் தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்சுது. டிவியில சமையல் நிகழ்ச்சி கூடப் பண்ணாங்க. ஒடம்பு சரியில்லாமப் போனப்ப 2015ல அப்ப முதலமைச்சரா இருந்த ஜெயலலிதா 6 லட்சம் டெபாசிட் போடச் சொல்லி மாசாமாசம் வட்டி வர்ற மாதிரி பண்ணாங்க, நல்ல காரியம், மறுக்கல. ஆனா அது பேப்பர்ல செய்தி வந்து, மேலிடம் பாத்து, எரக்கப்பட்டுக் குடுத்தது. பாடுன பாட்டுக்கு வரவேண்டியது வந்துக்கிட்டே இருந்திருந்தா அந்தச் செய்தியே வந்திருக்காது. 2020 மார்ச்ல அவங்களும் போயிட்டாங்க.

நம்ம சிவகங்கை மாவட்டத்துக்காரங்க சின்னப்பொண்ணு அக்கா, 2005ல சந்திரமுகியில பாடி, 2008ல நாக்க முக்கன்னு ஊரையே ஆட வச்சவங்க, 2021ல பிக்பாஸ் வீட்டுக்குள்ள போனாங்க, சில வாரத்துல வெளிய வந்துட்டாங்க. பாட்டுக்காரங்கள டிவி கூப்புடுது, சந்தோசந்தான், ஆனா வந்தவங்கள என்ன பண்றதுன்னு டிவிக்குத் தெரியல.

இப்ப எங்க பெரியம்மா கதைக்கு வர்றேன். நாலஞ்சு வருசம் முன்னாடி எங்க ஊருல ஒரு பெரிய வீட்டுல சீரியல் ஷூட்டிங். நம்ம செட்டிநாட்டுப் பக்கம் இது புதுசு இல்ல, கானாடுகாத்தான், பள்ளத்தூர்னு எந்தத் தெருவுல பாத்தாலும் ஜெனரேட்டர் வண்டி நிக்கும். சாவு சீன், ஒப்பாரி வைக்க ஆளு வேணும்னு மேனேஜர் தெருவுல கேட்டாரு, எல்லாரும் எங்க பெரியம்மாவக் கைகாட்டிட்டாங்க. 500 ரூவா, மத்தியானச் சாப்பாடு. பெரியம்மா வளவுக்குள்ள, அதான் வீட்டு முற்றத்துக்குள்ள, போயி நின்னுட்டு, சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாது தம்பி, வீட்டுக்காரவுகளுக்கு ஆகாதுன்னுருச்சு. லைட்டெல்லாம் போட்டாச்சு, நேரம் ஆகுது, அந்த டைரக்டர் பையன் கையெடுத்துக் கும்புட்டான். கடைசியில வெளக்கேத்தி வைக்கச் சொல்லி, சாமி கும்புட்டுட்டு, செத்துப்போன தன்னோட ஆத்தாவ நெனச்சுப் பாடுச்சு. பத்து நிமிசம். நான் தூணோரம் நின்னேன், லைட்டப் புடிச்சுக்கிட்டு நின்ன பையன் தோள்பட்டையில கண்ணத் தொடைக்கிறான். கட் சொன்னப்பறமும் பெரியம்மா நிறுத்தல, ஆத்தங்குடிக் கல்லு தரையில கைய ஊனிக்கிட்டு பாடி முடிச்சுட்டுத்தான் எந்திருச்சுச்சு.

சீரியல் ஒளிபரப்பான அன்னிக்கு எங்க வீட்டுல பதினஞ்சு பேரு. சீன் வந்துச்சு, பெரியம்மா மொகம் கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள போயிருச்சு. குரல் இல்ல, வேற யாரோ பாடுன சோகப் பாட்டப் போட்டுருந்தாங்க. ஆனா வரி பெரியம்மாவோட வரி, அது ஆத்தாவுக்குன்னு கட்டுன வரி. யாரும் பேசல. பெரியம்மா எந்திருச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுச்சு.

அந்த வீட்டுக்கு நாள் வாடகை, அக்ரிமெண்ட், தரையில கீறல் விழுந்தா தனி காசு, எல்லாம் உண்டு. செவுரு யாருக்குச் சொந்தம்னு பத்திரம் இருக்கு, அதனால கேட்டு வாங்குறாங்க. பாட்டுக்கு மட்டும் "நாட்டுப்புறப் பாட்டு"ன்னு ஒரு பேரு போட்டாப் போதும், யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு ஆயிருது. நடவுப் பாட்டு பொதுதான், எங்க அப்பத்தா பாடுன மெட்டுலதான் பக்கத்து ஊருலயும் பாடுவாங்க, அத நான் மறுக்கல. ஆனா ஒப்பாரி அப்படி இல்லைங்க, செத்தவங்க பேரு, பொழப்பு, பட்ட பாடு எல்லாத்தையும் அந்த நேரத்துல பாடுறவ கட்டுறது. அவதான் அதோட கவிஞர். டைட்டில்ல பேரும் ஊரும் போடுங்க, பாட்டுக்குன்னு தனியாக் காசு குடுங்க, குரல மாத்துறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க. வீட்டுக்குப் போடுற அக்ரிமெண்ட்டுல ஒரு பக்கம் சேத்தா முடிஞ்சுது.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா முளைப்பாரிக்கும் நடவுக்கும் எழவுக்கும் பாடுற பொம்பள தன்னைக் கலைஞர்னு நெனைக்கிறதே இல்லையே, பெறகு எங்க போயி கார்டு வாங்கும்? நாமதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும், என்னையும் சேத்துத்தான் சொல்றேன், இத்தனை வருசம் எனக்குமே தோணல.

போன தையில மறுபடி ஒரு ஷூட்டிங், குலவை போட ஆளு கேட்டு வந்தாங்க. பெரியம்மா வாசல்ல உக்காந்து புளி தட்டிக்கிட்டு இருந்துச்சு. தலைய நிமித்தாம, "எம் பேரு போடுவியா தம்பி?"ன்னு கேட்டுச்சு. ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேங்கம்மான்னு போனவரு திரும்பி வரல.