"என்ன புத்தகம் சார் வேண்டும்?"

இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்ட புண்ணியவான் யார் என்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். பழைய புத்தகக் கடையின் வாசலில் செருப்பைக்கூட இன்னும் சரியாக விடவில்லை, அதற்குள் "என்ன புத்தகம் சார் வேண்டும்?"

ஐயா, எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தால் போனிலேயே பணம் கட்டிவிட்டு, கூரியர்காரர் மணியடிக்கும்வரை தூங்கியிருப்பேனே! ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பஸ் பிடித்துத் திருவல்லிக்கேணிச் சந்துக்குள் நுழைகிறவன், என்ன வேண்டும் என்று தெரியாததால்தான் வருகிறான்.

"சும்மா பார்க்கிறேன்" என்றேன். அந்தச் 'சும்மா'வைக் கேட்டதும் கடைக்காரர் முகம் போன போக்கு இருக்கிறதே! அதன்பிறகு என் நிழலாகவே வந்தார். நான் ஒன்றை உருவினால் அதை வாங்கி மறுபடி செருகினார். "நாவலா? சுயமுன்னேற்றமா? பையனுக்கு நீட் கைடா?" என் நரைத்த தலையை ஒரு நோட்டம் விட்டு, "ஜோதிடமா சார்?"

சரி, கண்ணாலாவது மேய்வோம் என்று குனிந்தால், முன்வரிசை முழுக்க டி.என்.பி.எஸ்.சி. கைடுகள். கைடுகளைக் குறை சொல்லவில்லை, பாதி விலைக்குக் கைடு வாங்கிப் பரீட்சை எழுதியவன்தான் நானும். ஆனால் அதற்குப் பின்னால் இருப்பவற்றை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கியிருக்கிறார்கள். பெயர் தெரியாத முந்நூறு புத்தகங்கள்! அடியில் ஒன்றை இழுத்தேன். "கலைக்காதீர்கள் சார், சரிந்துவிடும்." கலைக்காமல் எப்படி ஐயா தேடுவது?

ஒரு காலத்தில் இப்படிக் கலைத்துத்தான் பைண்டு செய்த ஒரு தொடர்கதை எனக்குக் கிடைத்தது. வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணலாக ஊசி நூலால் தைத்து, காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டிருந்தார்கள். கதையோடு, பாதியில் அறுந்துபோன நகைச்சுவைத் துணுக்கு, சோப்பு விளம்பரம், ஓரத்தில் எண்ணெய்க் கறை எல்லாம் இருந்தன. பதினெட்டாவது அத்தியாயம் இல்லை. அந்த வாரம் வீட்டில் என்ன நடந்ததோ! முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெண்ணின் பெயர், கீழே "படித்துவிட்டு அவசியம் திருப்பித் தரவும்". யாரிடம் திருப்பித் தருவது? இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அதை எந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டிருக்க முடியும்?

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் இருந்த நாளில் என் மாமாவுக்கு ஒரு கடையில் ஸ்டூல் போட்டே கொடுப்பார்களாம். 1985 மே மாதம் அது எரிந்த செய்தி வந்த அன்று மாமா இரவு சாப்பிடவில்லை என்று அத்தை இன்றும் சொல்லுவார்.

இந்தக் கடையிலோ ஸ்டூல் கிடக்கட்டும், கை வைக்கவே அனுமதி இல்லை. எப்படியோ ஒன்று சிக்கியது, மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்ட பழைய தமிழ்ப் புத்தகம். உள்ளே யாரோ பென்சிலால் 'ரூ.40' என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு என்று கேட்டேன். மனிதர் அட்டையைப் போனில் படம் பிடித்தார், விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "850 சார். வெளியே 1200க்குப் போகிறது."

எங்கே போகிறது? யார் வாங்கினார்? யாரோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து கேட்கிற விலை, விற்ற விலை ஆகிவிடுமா? நான்கூட என் பழைய சைக்கிளுக்கு ஒரு லட்சம் என்று போட்டு வைக்கலாம்!

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வாடகை, கரையான், ஒரு மழை வந்தால் பாதிச் சரக்கு கூழ். இரண்டு மணி நேரம் நின்றபடியே படித்து முடித்துவிட்டு நன்றி சொல்லிப் போகிறவர்களும் உண்டு (நானும் போயிருக்கிறேன், ஒரே ஒரு முறை). இருந்தாலும் ஒரு கால்மணி நேரம் ஒருவனை வாய் திறக்காமல் விட்டால் என்ன நஷ்டம்?

மூன்றாவது முறையாக "சொல்லுங்கள் சார், என்ன புத்தகம்?" என்று கேட்டபோது பொறுமை போய்விட்டது. இருக்காது, தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வாயில் வந்த ஒரு நாவலின் பெயரைச் சொன்னேன். மனிதர் ஏணி போட்டு ஏறினார். தூசியோடு இறங்கினார். தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, வெற்றிப் புன்னகையோடு நீட்டினார். 120 ரூபாய். ஏணி ஏறியவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அந்த நாவல் என் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது இரண்டு. யாருக்காவது வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். என்ன புத்தகம் என்று மட்டும் கேட்காதீர்கள்.