ஹார்ட் டிஸ்கை எங்கே வைக்கிறீர்கள்?
'கோப்புகளையெல்லாம் கூகுள் டிரைவில் சிங்க் செய்துவிட்டால் போதும்' என்று, கணினிக் கோப்புகளுக்கு நகல் (பேக்கப்) எடுத்து வைப்பது பற்றிய உங்கள் கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிங்க் என்றால் இங்கே செய்யும் மாற்றம் அப்படியே அங்கேயும் நடக்கும். கணினியில் கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். குப்பையில் 30 நாள் கிடக்கும், அதற்குள் கவனித்தால் தப்பித்தோம். இலவச இடமும் 15 ஜிபிதான், அதிலேயே ஜிமெயிலும் பங்கு கேட்கும்.

நான் வெளி ஹார்ட் டிஸ்க் கட்சி. சென்னை ரிச்சி தெருவில் ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கினேன். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரியை ஒருமுறை ஆன் செய்துவிட்டால், டிஸ்க் செருகியிருக்கும்போது மாறிய கோப்புகளை அதுவே நகலெடுக்கும். மேக்கில் டைம் மெஷின். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

ஆனால் டிஸ்கை எங்கே வைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சிபியு மேசைக்கு அடியில், டிஸ்க் அதே மேசையின் கீழ் டிராயரில். காயவைத்து எடுத்தபோது யூஎஸ்பி முனையிலிருந்து சேறு உதிர்ந்தது. அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் அதோடு போயின. இன்றுவரை மனசு ஆறவில்லை.

இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று என்னிடம், இன்னொன்று அண்ணா நகரில் அக்கா வீட்டு மூன்றாவது மாடி பீரோவில். மாதம் ஒருமுறை போகும்போது மாற்றிக்கொள்கிறேன். நகலெடுத்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் அதையும் பூட்டிவிடும். அப்புறம், நகல் சரியாக விழுந்திருக்கிறதா என்று நாலைந்து படங்களையாவது அந்த டிஸ்கிலிருந்து திறந்து பாருங்கள்.