பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் சிரிக்கலாமா?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாதம் ஒரு படம் போடுகிறார்கள். அதற்கு நான் பொம்மைப் படம் ஒன்றைச் சொன்னதற்காக, சனிக்கிழமை எங்கள் கைப்பேசிக் குழுவில் நடந்த கேலியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குழுவில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். இல்லாதவர்களுக்கும் இதற்குள் யாராவது திரையைப் படமெடுத்து அனுப்பியிருப்பார்கள். இன்று காலை வேலைக்குப் போகும்போது ரயிலில் நின்றுகொண்டே அந்த உரையாடலை மறுபடியும் படித்தேன். "அக்காவுக்கு வீட்டில் பேரப்பிள்ளை இல்லாத குறை. அதனால்தான் பொம்மைப் படம் கேட்கிறார்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அந்தச் சிரிப்பு முகங்களில் சில, தீபாவளிக்கு என் வீட்டில் முறுக்கும் அதிரசமும் சாப்பிட்டவர்களுடையவை. ஆகவே எழுதுகிறேன்.

குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு பழைய படம் சொல்லுங்கள் என்று கேட்டது ஏற்பாட்டுக் குழு. நானாகப் போய் மூக்கை நுழைக்கவில்லை. 1979இல் வந்த முதல் மப்பெட் படத்தைச் சொன்னேன். மப்பெட் என்பவை ஜிம் ஹென்சன் என்கிற அமெரிக்கர் உருவாக்கிய துணிப் பொம்மைகள். அதற்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் எந்தப் படம் ஓடியது என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இடைவேளைக்குப் பிறகு எத்தனை நாற்காலிகள் காலியாக இருந்தன என்பதை வந்தவர்களே பார்த்தார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பொம்மைகள் நடிக்கிற நகைச்சுவைப் படத்தைப் பார்ப்பதற்குப் பெரியவர்களுக்கு ஒரு பிள்ளை துணைக்குத் தேவையில்லை. அவை பிள்ளைகளுக்காக எடுத்து, பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்துக்கொள்கிற படங்கள் அல்ல. பெரியவர்களுக்காக எடுத்து, பிள்ளைகளையும் உள்ளே விட்ட படங்கள். வரலாறும் அப்படித்தான் சொல்கிறது. நம்பாதவர்கள் மேலே படிக்கட்டும்.

ஜிம் ஹென்சன் 1955இல் தன் அம்மாவின் பழைய கோட்டை வெட்டி, ஒரு பிங்பாங் பந்தை இரண்டாக்கிக் கண்ணாக வைத்துக் கெர்மிட் என்கிற பொம்மையைச் செய்தார். அது தவளை ஆனதுகூடப் பிறகுதான். அந்தப் பொம்மை முதலில் வந்தது பிள்ளைகள் நிகழ்ச்சியில் அல்ல. வாஷிங்டன் தொலைக்காட்சியில் இரவுச் செய்தி முடிந்த பிறகு வந்த ஐந்து நிமிட நிகழ்ச்சியில். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒளிபரப்பாவது குழந்தை நிகழ்ச்சியா? 1969இல் செசமி ஸ்ட்ரீட் வந்த பிறகுதான் உலகம் அவரைப் பிள்ளைகள் பக்கம் தள்ளியது. அதிலிருந்து விடுபட அவர் என்ன பாடுபட்டார் தெரியுமா? 1975இல் மப்பெட் நிகழ்ச்சிக்காக எடுத்த முன்னோட்டத்துக்கு 'பாலுறவும் வன்முறையும்' என்று தலைப்பு வைத்தார். கிண்டலுக்குத்தான். ஆனால் யாரைப் பார்த்துக் கிண்டல் செய்தார்? "இது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று சொல்லிச் சொல்லி அவரை ஓரங்கட்டியவர்களைப் பார்த்து. அந்த வகை மனிதர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். நம் புளோக்கிலும் இருக்கிறார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தயங்கி நிற்க, இங்கிலாந்தில் லூ கிரேட் என்கிற தொலைக்காட்சி முதலாளி பணம் போட்ட பிறகுதான் அந்த நிகழ்ச்சி 1976இல் தொடங்கியது. அதில் மாடத்தில் உட்கார்ந்துகொண்டு மேடையில் நடப்பதையெல்லாம் குறை சொல்கிற இரண்டு கிழவர்கள் வருவார்கள். ஒன்றுமே பிடிக்காது, ஆனால் அடுத்த வாரமும் அதே இருக்கையில் இருப்பார்கள். நம் ஏற்பாட்டுக் குழுவிலும் அப்படி இரண்டு பேர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். ஒரே வித்தியாசம், மாடத்துக் கிழவர்கள் பேசினால் சிரிப்பு வரும்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. செம்பவாங்கில் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டவர். வீட்டுக்கு வந்தால் பேச்சே இருக்காது. ஒருநாள் மாமா எங்கிருந்தோ மப்பெட் நிகழ்ச்சி பதிவான வீடியோ கேசட் ஒன்றை வாங்கி வந்தார். அதில் அந்தச் சுவீடன் சமையல்காரன் வருவான். அவன் பேசுவது சுவீடன் மொழியும் இல்லை, எந்த மொழியும் இல்லை. வெறும் உளறல். பாட்டு முடிந்ததும் கரண்டிகளைத் தோளுக்குப் பின்னால் தூக்கி எறிவான். நாங்களெல்லாம் உருண்டு புரண்டு சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "முகம் பொம்மை. கை மனிதனுடைய கை" என்றார். எங்களில் யாருமே அதைக் கவனித்திருக்கவில்லை. உண்மைதான். தலையை ஹென்சன் ஆட்ட, கைகள் இரண்டும் ஃபிராங்க் ஆஸ் என்கிற இன்னொருவருடையவை. அந்தக் கை அடுத்து என்ன செய்யும் என்று தலைக்கே தெரியாது. பிறகு அப்பா சொன்னார், "கத்தியை இவன் பிடிக்கிற பிடிக்கு விரல் போய்விடும்." முகத்தில் கொஞ்சம்கூடச் சிரிப்பு இல்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். சக சமையல்காரன் அல்லவா!

பொம்மைப் படத்தின் முழு ரகசியமும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. துணியும் பஞ்சும்தான் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அதை ஆளாக மதிக்கிறோம். அந்த மதிப்புத்தான் சிரிப்பைக் கொண்டுவருகிறது. 1992இல் வந்த மப்பெட் கிறிஸ்துமஸ் படத்தில் நடிகர் மைக்கேல் கெய்ன், டிக்கன்ஸ் கதையில் வருகிற ஸ்க்ரூஜ் என்கிற கஞ்சனாக நடிக்கிறார். சுற்றி எலியும் தவளையும் பன்றியும் நிற்கின்றன. ஒரு காட்சியில்கூட "பாருங்கள், நான் பொம்மைகளோடு நடிக்கிறேன்" என்று அவர் கண்ணடிக்கவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நிற்பதுபோல நிற்கிறார். அதனால்தான் அந்தப் படம் சிரிக்கவும் வைக்கிறது, கடைசியில் தொண்டையையும் அடைக்கிறது. கதை சொல்லிக்கொண்டு வருகிற கான்ஸோ என்கிற பொம்மையிடம் எலி ஓரிடத்தில் கேட்கும், இவ்வளவு பயமான கதையாக இருக்கிறதே, பார்க்கிற பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று. கவலை வேண்டாம், இது கலாசாரம் என்பான் கான்ஸோ. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு சிரிப்பு. கலாசாரம் என்ற பெயரில் மணிக்கணக்காக மேடைப் பேச்சு கேட்டுப் பழகிய எனக்கு அது வேறொரு சிரிப்பு. படம் ஒன்றுதான்.

1979 படத்தில் கெர்மிட் சதுப்பு நிலத்தில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பாடுகிற காட்சி இருக்கிறது. அதை எடுப்பதற்காக ஹென்சன் தண்ணீருக்கு அடியில் இறக்கிய ஒரு தொட்டிக்குள் முடங்கி உட்கார்ந்து, கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு தவளை பாடுவதற்கு! அதே படத்தில், புகழ்பெற்ற நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் பெரிய ஸ்டுடியோ முதலாளியாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தத் தவளைக்கு ஒப்பந்தம் கொடுக்கிறார். ஆர்சன் வெல்ஸுக்கு இல்லாத கௌரவப் பிரச்சினை நம் குழுத் தலைவருக்கு வந்துவிட்டது.

"இப்போது கணினியில் எவ்வளவோ செய்கிறார்கள், யார் துணிப் பொம்மையைப் பார்ப்பார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கணினிப் படங்களும் எனக்குப் பிடிக்கும். ஆனால் கணினியில் வரைந்த கரடி தடுமாறினால், தடுமாற வேண்டும் என்று யாரோ மாதக்கணக்கில் தீர்மானித்துச் செய்தது. துணிக் கரடி தடுமாறினால், அந்த நேரத்தில், அந்த இடத்தில், ஒரு மனிதன் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலியோடு செய்தது. கெர்மிட்டின் முகத்தில் இயந்திரம் எதுவும் கிடையாது. உள்ளே ஐந்து விரல்கள். விரலை மடக்கினால் முகம் சுருங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அவமானப்பட்டுவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொள்கிற அந்த முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் சனிக்கிழமை கண்ணாடியில் பார்த்தேன்.

"பெரியவர்களுக்கான பொம்மைப் படம் வேண்டுமென்றால் அது வேறு மாதிரி இருக்குமே" என்று இன்னொருவர் நக்கலாகச் சுட்டி அனுப்பியிருந்தார். தெரியும். 2004இல் வந்த 'டீம் அமெரிக்கா' நூல் பொம்மைகளை வைத்தே எடுத்தது. அதைக் கீழ்த்தளத்தில் போட்டால் நகர மன்றத்துக்கு அத்தனை வீட்டிலிருந்தும் புகார் போகும். ஆபாசம் பேசினால்தான் பெரியவர்களுக்கானது என்று நினைப்பது பதினாறு வயதுப் பையனின் எண்ணம். ஹென்சனின் மகன் பிரையனே 2018இல் அந்த வழியில் ஒரு படம் எடுத்துப் பார்த்தார். விமர்சகர்களும் கைவிட்டார்கள், வசூலும் வரவில்லை. இத்தனைக்கும் 1992 கிறிஸ்துமஸ் படத்தை இயக்கியவரும் அவர்தான். இதற்கு மேல் நான் என்ன விளக்க?

"இந்தக் காலப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது" என்பவர்களுக்கு: போட்டுக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் எனக்கு உண்மையில் கோபம் வந்தது, "இது வெள்ளைக்காரர் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒட்டாது" என்ற வரிக்குத்தான். வள்ளுவர் காலத்திலேயே நூலில் ஆடும் மரப்பாவை இருந்திருக்கிறது. நாணம் இல்லாதவர்களுடைய நடமாட்டத்தை அவர் அதோடுதான் ஒப்பிடுகிறார். குறள் 1020, எடுத்துப் பாருங்கள். சிலருக்கு இரண்டு விதத்தில் பயன்படும். கன்னியாகுமரிப் பக்கத்துத் தோல்பாவைக் கூத்தில் ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போது உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு பேர் இடையில் புகுந்து அடிக்கிற கூத்து இருக்கிறதே, அது யாருக்காக? இரவு முழுவதும் விழித்திருந்து பார்த்த ஊருக்காக. கிழவன் கிழவி எல்லாரும் இருந்தார்கள். ஆட்டுத்தோலில் வெட்டிய பாவைகள், பின்னால் ஒரு விளக்கு, எல்லாக் குரலும் ஒரே ஆள். ராமன் வருவதற்காக ஒரு பக்கம் காத்திருப்பார்கள், அந்த இரண்டு பேருக்காக இன்னொரு பக்கம். அந்தக் கலைஞர்கள் இன்று என்ன நிலைமையில் இருக்கிறார்கள் என்று பண்பாட்டுக் காவலர்கள் விசாரித்ததுண்டா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தோ பாயோவில் நான் வளர்ந்தபோது, சீனக் கோயில் விழாவில் பொம்மலாட்ட மேடை போடுவார்கள். மேடை பார்த்து நிற்பது சன்னதியை. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும், ஏனென்றால் அது சாமிக்கு. அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு, தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்து "பேரப்பிள்ளை எங்கே?" என்று யாரும் கேட்டதில்லை.

நம் ஆட்களோ ஒரு சாக்கு இல்லாமல் சிரிக்க மாட்டார்கள். "பையனுக்காக வந்தேன்", "மகள் அடம் பிடித்தாள்" என்று சொல்லிக்கொண்டு பாதிப் படத்துக்குமேல் பிள்ளையை விடச் சத்தமாகச் சிரிப்பார்கள். பார்த்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டு விரைவுணவுக் கடை வாசல்களில் ஹலோ கிட்டி பொம்மைக்காக இந்தத் தீவே வரிசையில் நின்றதே, தள்ளுமுள்ளு நடந்ததே, அங்கே நின்றவர்கள் எல்லாரும் தொடக்கநிலை ஒன்றில் படித்தவர்களா? மப்பெட் பன்றி மிஸ் பிக்கியை ஆட்டிய அதே ஃபிராங்க் ஆஸ்தான் 1980இல் ஸ்டார் வார்ஸ் படத்தின் யோடாவையும் ஆட்டினார். யோடாவின் படத்தைத் தத்துவ வாசகத்தோடு கைப்பேசி முகப்பில் வைத்திருக்கிற ஒருவர்தான் சனிக்கிழமை "பொம்மைப் படமா?" என்று முதலில் சிரித்தவர். ஐயா, அதுவும் பொம்மைதான்.

ஆக, பொம்மை பிரச்சினை இல்லை. தாத்தா ஆனவர் பார்த்தால் பாசம். அப்பா பார்த்தால் பொறுப்பு. கல்யாணம் ஆகாத, ஐம்பது தாண்டிய ஒரு பெண் தன் விருப்பத்துக்குப் பார்க்கிறேன் என்றால் அது குறை. பக்திப் படம் கேட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அழுகைப் படம் கேட்டிருந்தால் "பாவம்" என்றிருப்பார்கள். நான் சிரிப்பதற்குக் கேட்டேன், அதுதான் உறுத்தியது. இதை எழுதும்போதுதான் எனக்கே தெளிவாகிறது.

"சும்மா வேடிக்கையாகச் சொன்னது, இதைப் போய்ப் பெரிதுபடுத்தலாமா?" என்று அழைத்துச் சொன்ன தம்பிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேடிக்கை என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் படத்தைப் பாருங்கள் என்றேன். அதில் ஃபோஸி கரடி மேடையேறி மொக்கையாக ஜோக் சொல்லும். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஜோக்குகளில் ஒன்றுகூட அடுத்தவர் வீட்டில் யார் இல்லை என்பதைப் பற்றியது அல்ல.

ஹென்சன் 1990 மே மாதம் இறந்தபோது அவருக்கு வயது 53. நான் அந்த வயதைத் தாண்டிவிட்டேன். நியூயார்க்கின் பெரிய தேவாலயம் ஒன்றில் நினைவுக் கூட்டம். யாரும் கறுப்பு உடுத்தி வரக்கூடாது என்பது அவர் முன்பே எழுதிவைத்த விருப்பம். அங்கே செசமி ஸ்ட்ரீட்டின் பெரிய மஞ்சள் பறவை நடந்து வந்து, கெர்மிட்டின் பாட்டைப் பாடியது. உள்ளே கேரல் ஸ்பின்னி என்கிற மனிதர் இருக்கிறார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். கூடியிருந்தவர்கள் வளர்ந்த ஆண்களும் பெண்களும். காணொளி இருக்கிறது, அவர்கள் முகங்களைப் பாருங்கள். பிறகு வந்து, பொம்மைக்கு எந்த வயதுவரை அனுமதி என்று எனக்குச் சொல்லுங்கள்.

நான் குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு விலகிவிட்டதாக ஒருவர் பரப்பிக்கொண்டிருக்கிறார். விலகவில்லை. அறிவிப்பு ஒலியைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த மாதப் படத்துக்கு மறுபடியும் பெயர் கேட்டால் இதே படத்தைத்தான் சொல்வேன், அதற்கடுத்த மாதமும் இதையே சொல்வேன். வாக்கெடுப்பு வைத்துத் தோற்கடியுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கீழே கருத்து எழுத வருகிறவர்கள் என் தங்கையின் பேரன்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி ஆலோசனை தர வேண்டாம். அவர்களுக்குக் கார் பந்தயம்தான் பிடிக்கும்.