அந்தக் கிளிப்பச்சை எங்கே?

பெரியப்பா வீட்டுப் புதுமனை புகுவிழாப் பத்திரிகைக்காக இரண்டு இரவு கண்விழித்து ஒரு கிளி வரைந்தேன். வரைகலை படிக்கிற பெண் கூலி கேட்கக்கூடாது என்பது எங்கள் குடும்பச் சட்டம், போகட்டும். அச்சுக்கான கோப்பை, அங்குலத்துக்கு 300 புள்ளிக் கணக்கில், மின்னஞ்சலில் அனுப்பினேன். அவரோ, சும்மா பார்க்கச்சொல்லி நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அச்சகத்தில் கொடுத்துவிட்டார். சுருக்கப்பட்டு நைந்துபோன படம் அது. திரையில் ஒளிரும் பச்சை நிறம் அச்சகத்தின் நான்கு மைகளில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) எப்படி வரும்? வாடிய முருங்கைக்கீரை நிறம். இறகெல்லாம் கட்டம் கட்டமாக. 500 பிரதிகள்!

“கிளிக்கு உடம்பு சரியில்லையாம்மா?” என்கிறார் பெரியப்பா. காதில் விழாததுபோல் பத்திரிகை முனைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறேன்.