அந்த 42 லட்சம் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பார்ட்மென்ட் பொதுக்குழு. மொட்டை மாடியில் ஷாமியானா கட்டி, வாடகை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மொத்தம் 84 வீடு, வந்தவர்கள் முப்பது பேருக்குள்தான். இரண்டாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் எழுந்தார். "தம்பி, சாவி வாங்கும்போது வீட்டுக்கு 50,000 ரூபாய் கார்பஸ்னு கொடுத்தோமே. 84 வீட்டுக்குக் கணக்குப் போட்டா 42 லட்சம். அது எந்த பேங்க்ல இருக்கு?"

பொருளாளர் நான். என்னிடம் பதில் இல்லை.

கார்பஸ் என்பது மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸ் இல்லை. பத்து வருஷம் கழித்து லிஃப்ட்டை மாற்றவும், வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கவும், ஜெனரேட்டர் கை விரித்தால் புதிதாக வாங்கவும் வைத்திருக்கும் முதல். அதைத் தொடக்கூடாது, வட்டியை மட்டும்தான் எடுக்கலாம் என்று நம்பித்தான் எல்லோரும் கொடுத்தோம். வீட்டு உரிமையாளர்கள் சங்கத்தை எங்கள் பில்டரே பதிவு செய்தார். அவர் ஆபீஸ் மேனேஜர் செக்ரட்டரி, சைட் இன்ஜினியர் ட்ரெஷரர். மூன்று வருஷம் அப்படியே ஓடியது. எங்களிடம் ஒப்படைத்தபோது பாஸ்புக்கில் ஒரு லட்சத்துச் சொச்சம். கேட்டால், "மெயின்டனன்ஸுக்கே செலவாயிடுச்சு சார்" என்றார்கள். ஒரு பில் கிடையாது.

ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்று உடனே கேட்பீர்கள். அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2016-இல் நிறைவேறி, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த சட்டம் அது. வாங்குகிறவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும், அந்தக் கட்டடத்துக்காக மட்டுமே எடுக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. சாவி கொடுத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் கோளாறு வந்தால் பில்டர்தான் சரிசெய்து தர வேண்டும். இதெல்லாம் வருவதற்கு முன்னால் வீடு வாங்கியவர்களிடம் பேசிப் பாருங்கள், அருமை தெரியும்.

ஒப்படைப்பைப் பற்றியும் அதில் நன்றாகவே எழுதியிருக்கிறது. பாதிக்கு மேல் வீடுகள் புக் ஆனதும் மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய பில்டர் வழிசெய்ய வேண்டும். பொது இடங்களின் உரிமையைச் சங்கத்துக்கு எழுதித் தர வேண்டும், வரைபடங்களையும் ஆவணங்களையும் ஒப்படைக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் நடந்ததா என்று தானாக வந்து பார்க்கும் ஆள் யாரும் இல்லை. நடக்கவில்லை என்றால் வீடு வாங்கியவர் புகார் போட வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும். ஜெயித்தாலும், பணம் வர வேண்டிய உத்தரவு என்றால் நிலவரி பாக்கியைப் போல வருவாய்த் துறை வழியாக வசூலாக வேண்டும். கட்டி முடிக்கும் வரை பில்டரைக் கண்காணித்து நிற்கும் சட்டம், சாவி கொடுத்த அன்றோடு நம்மைத் தனியாக விட்டுவிடுகிறது. என் மனக்குறை இதுதான்.

வரைபடம் ஒரு காகிதம்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன தீபாவளி சமயத்தில் எங்கள் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி, அடைத்துக்கொண்டது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது, பில்டர் வரைபடமே தரவில்லை. வந்த கான்ட்ராக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "ரெண்டு பசங்கள உள்ள இறக்கிப் பாத்துடலாம் சார், அரை மணி நேர வேலை." கூட நின்ற நாலு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். முடியாது என்றேன். மெஷின் லாரி கிடைக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் தரைத்தள வீடுகளில் நாற்றம் தாங்காமல் குழந்தைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னைத் திட்டவும் திட்டினார்கள். கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடைச் சாவுகளுக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது 2023 அக்டோபரில். அன்றைக்கு அந்த இரண்டு பையன்களில் ஒருவன் உள்ளே மயங்கியிருந்தால்? இதை நினைக்காமல் இப்போதும் எனக்கு அந்த மூடியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நொய்டாவில் சூப்பர்டெக் என்ற பில்டர் விதிமீறிக் கட்டிய இரட்டைக் கோபுரங்களை 2022 ஆகஸ்ட் 28 அன்று வெடி வைத்துத் தகர்த்ததை டிவியில் எல்லோரும் பார்த்தோம். பத்தே விநாடியில் தூசு. அதற்குப் பின்னால் இருந்தது பக்கத்துக் கட்டடங்களில் குடியிருந்தவர்களின் சங்கம். அவர்கள் அனுமதி வரைபடத்தைக் கேட்டபோது, நொய்டா ஆணையம் பில்டரிடம் சம்மதம் கேட்டது. பில்டர் மறுத்தார், வரைபடம் கிடைக்கவில்லை. 2012-இல் ஐகோர்ட்டுக்குப் போனவர்களுக்கு 2021-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவு கிடைத்தது. அதிகாரிகளும் பில்டரும் கைகோர்த்ததைத் தீர்ப்பிலேயே எழுதினார்கள். கண்காணிக்க வேண்டியவர்கள் செய்யாத வேலையை, ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் சாதாரண ஜனங்கள் ஒன்பது வருஷம் செய்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் மௌலிவாக்கத்தை மறந்திருக்க மாட்டோம். 2014 ஜூன் 28, கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது, 61 உயிர். பெரும்பாலும் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளிகள். வீடு வாங்குகிறவர் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும்தான் பார்க்க முடியும். அஸ்திவாரத்தை அரசாங்கம்தான் பார்க்க வேண்டும்.

பில்டரை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பாதி உண்மையை மறைத்தவன் ஆவேன். சங்கங்களும் குட்டி அரசாங்கங்களாகத்தான் நடக்கின்றன. வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்களுக்குத் தனி லிஃப்ட் என்று போர்டு வைத்த குடியிருப்புக்குள் நான் போயிருக்கிறேன், கூசியது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு மெயின்டனன்ஸ் பில் உண்டு, கூட்டத்தில் வாய் திறக்க உரிமை இல்லை. ஒரே செக்ரட்டரி எட்டு வருஷம், ஆடிட் கிடையாது, கேள்வி கேட்டால் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கம். எங்கள் சங்கத்திலும் இதில் சில உண்டு, நானும் சில காலம் சும்மா இருந்தேன்.

எங்களைப் போன்ற சங்கங்கள் பலவும் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானவை. சங்கத்தின் கணக்கை விசாரிக்க மாவட்டப் பதிவாளருக்கு அதில் அதிகாரம் உண்டு. அவரே முன்வந்து விசாரிக்கலாம். இல்லையென்றால் செயற்குழுவில் பெரும்பான்மையோ, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கோ கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். செயற்குழுவில் நாங்கள் ஏழு பேர். மூன்று பேர் சம்மதம், நாலு பேர் தயங்குகிறார்கள். "கேஸு கீஸுன்னு போனா பிளாட் ரேட் இறங்கிடும் சார்" என்கிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆளுக்கு இருபது வருஷ லோன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த 70 சதவீதக் கணக்கிலிருந்து வேலை முடிய முடியத்தான் பில்டர் பணம் எடுக்கிறார், ஒவ்வொரு முறையும் இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் சான்று வேண்டும். அதில் கடைசிப் பகுதியை, உரிமையாளர்களே தேர்ந்தெடுத்த சங்கத்திடம் கார்பஸும் வரைபடமும் போய்ச் சேர்ந்த பிறகுதான் விடுவிக்க வேண்டும். கார்பஸை முதல் நாளிலிருந்தே சங்கத்தின் பெயரில் டெபாசிட்டாக வைக்கட்டும். தமிழ்நாட்டின் 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்றே ஒரு அதிகாரி உட்காரட்டும். தன் பணத்தின் கணக்கைக் கேட்க ஒரு வீட்டுக்காரரின் மனு போதும் என்று ஆகட்டும். மூன்றில் ஒரு பங்கு என்பது கிராமத்து வாசகசாலைக்குச் சரியாக இருக்கலாம். பாதி உரிமையாளர்கள் மஸ்கட்டிலும் டல்லாஸிலும் இருக்கும் அடுக்குமாடிக்கு அது பூட்டிய கதவு.

பதிவாளரிடம் போக, 84-இல் மூன்றில் ஒரு பங்கு, எங்களுக்கு 28 கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்து அந்த டீச்சருடையது. அன்றைக்கே, ஷாமியானாவைக் கழற்றுவதற்கு முன்னால் போட்டுக் கொடுத்தார். நேற்று ராத்திரி வரை 19 சேர்ந்திருக்கிறது. மீதி ஒன்பதுக்கு இந்த வாரம் முழுக்க ஆபீஸ் முடிந்ததும் ஒவ்வொரு கதவாகத் தட்டப் போகிறேன். எங்கள் பிளாக்கில் இருந்துகொண்டே இதைப் படிப்பவர்கள், ஏழு மணிக்கு மேல் வீட்டில் இருங்கள்.