கட்டாயம் எது?
இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் கல்வி கட்டாயம், பெற்றோர் மறுக்க முடியாது என்று கட்டுரையில் இருப்பது பாதிதான் சரி. 2020 செப்டம்பரிலிருந்து கட்டாயமானவை உறவுகள் பற்றிய கல்வியும் (குடும்பம், நட்பு, பாதுகாப்பாக இருப்பது போன்றவை) உடல்நலக் கல்வியும்தான், அவற்றிலிருந்து பிள்ளையை விலக்க முடியாது. பாலியல் கல்வியைத் தொடக்கப் பள்ளி நடத்தியே ஆகவேண்டும் என்றில்லை, நடத்தினாலும் அறிவியல் பாடத்தில் வருவதைத் தவிர மற்றதைப் பெற்றோர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மேலே கருத்து எழுதிய ஒருவர் இதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாமே என்கிறார். சரி, லண்டனில் நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போன மாதம் பள்ளியில் தன் கையைத் தாளில் வைத்து வரைந்து கொண்டுவந்தாள், பயம் வந்தால் யாரிடம் சொல்வாய் என்று விரலுக்கு ஒரு பெயர். அம்மம்மா, டீச்சர், மதியச் சாப்பாடு போடும் ஆன்ட்டி எல்லாம் இருக்கிறார்கள், நான் இல்லை! கேட்டால், "நீங்க முதல்ல கத்துவீங்கப்பா" என்கிறாள்.